பாட்டு முதலா, மெட்டு முதலா? பழைய திரைப்பாடல்கள் பிறந்த விதம்

காரைக்குடிப் பக்கத்துக் கல்யாண வீடுகளில் கடைசிப் பந்தி எழுந்த பிறகு முகப்பில் பாய் விரித்து உட்காரும் பெரியவர்களின் பேச்சு, எங்கே தொடங்கினாலும் சற்று நேரத்தில் பழைய பாட்டுகளில் வந்து நிற்கும். “இந்தப் பாட்டைக் கவிஞர் யாரை நினைத்து எழுதினார் தெரியுமா?” என்று ஒருவர் கேட்பார். எங்கள் பக்கத்தில் கவிஞர் என்று மட்டும் சொன்னால் அது சிறுகூடல்பட்டியில் 1927-ஆம் ஆண்டு முத்தையாவாகப் பிறந்த கண்ணதாசனையே குறிக்கும். அப்படியொரு முகப்பில் ஒரே பாட்டுக்கு மூன்று பேர் மூன்று கதை சொல்லக் கேட்டிருக்கிறேன். ஒருவர் அதை அண்ணன் தம்பி மனத்தாங்கலில் பிறந்ததென்றார். இன்னொருவர் கடன் தொல்லையில் பிறந்ததென்றார். மூன்றாமவர் அரசியல் தலைவர் ஒருவருக்கு விடுத்த தூது என்றார். அந்தப் படத்தில் பாட்டு எந்த இடத்தில் வருகிறது என்றோ, மெட்டு முதலில் வந்ததா சொல் முதலில் வந்ததா என்றோ ஒருவரும் கேட்கவில்லை.

திரைப்பாடல்கள் பிறந்த கதையாக இன்று பரவலாகச் சொல்லப்படுபவற்றில் பெரும்பாலானவை அந்த முகப்புப் பேச்சைப் போன்றவையே. அவை அனைத்தும் பொய் என்று நான் சொல்ல வரவில்லை. ஒரு பாட்டு உண்மையில் எப்படி உருவாகிறது என்பது தெரியாமல் அக்கதைகளைக் கேட்டால், எழுதியவரின் உழைப்பில் பாதி நம் கண்ணில் படாமலே போய்விடுகிறது. அந்த உழைப்பை, இசைப் பயிற்சி இல்லாதவரும் புரிந்துகொள்ளும்படி விளக்குவதே இந்தக் கட்டுரை.

தாலாட்டில் வரும் மாமன் யார்?

நம் வீடுகளில் வழங்கும் தாலாட்டிலிருந்து தொடங்கலாம். “மாமன் அடித்தானோ மல்லிகைப்பூச் செண்டாலே, அத்தை அடித்தாளோ அரளிப்பூச் செண்டாலே” என்ற வரிகளைக் கேட்காமல் வளர்ந்தவர்கள் நம்மில் குறைவு. மாமனுக்கு மல்லிகையும் அத்தைக்கு அரளியும் ஏன் வந்தன? மாமனில் உள்ள ‘மா’வுக்கு மல்லிகையின் ‘ம’ இசைந்து வருகிறது. அத்தையின் ‘அ’வுக்கு அரளியின் ‘அ’ இசைந்து வருகிறது. சொற்களின் முதலெழுத்து இவ்வாறு ஒன்றி வருவதற்கு மோனை என்று பெயர். இரண்டாம் எழுத்து ஒன்றி வந்தால் அது எதுகை.

என் ஆயா, அதாவது பாட்டி, தன் மக்கள், பேரர் என்று எத்தனையோ பிள்ளைகளுக்கு ஒரே மெட்டில்தான் தாலாட்டுப் பாடினார். கொண்டுவிற்க, அதாவது கடல் கடந்து வணிகம் செய்யப் போன அப்பச்சி (அப்பா) எந்த ஊரில் இருக்கிறாரோ, அந்தந்தப் பிள்ளைக்கு அந்த ஊர்ப் பெயர் பாட்டில் ஏறிக்கொள்ளும். ரங்கூன் என்று பாடும்போது ‘கூ’வில் இழுப்பார், பினாங்கு என்று பாடும்போது ‘னா’வில் இழுப்பார். தொட்டில் ஆடும் நடை மட்டும் மாறாது. சொல் மாறும்போது இழுப்பின் இடத்தை மாற்றி நடையைக் காப்பாற்ற வேண்டும் என்பதை அவருக்கு யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை.

அந்தத் தாலாட்டைக் கேட்டுவிட்டு, “உண்மையில் எந்த மாமன் அடித்தான், எந்த வருஷம் அடித்தான்?” என்று நாம் விசாரிப்பதில்லை. பாட்டுக்கு ஒரு மாமன் வேண்டும், அவன் கையில் மோனைக்கு இசைந்த ஒரு பூ வேண்டும் என்பது கேட்கும்போதே நமக்கு விளங்கிவிடுகிறது. திரைப்பாட்டு என்று வந்தால் மட்டும் அந்த விளக்கத்தை மறந்துவிட்டு மாமனைத் தேடிக் கிளம்பிவிடுகிறோம்.

இதுவரை பார்த்தது இவ்வளவுதான்: மெட்டு என்பது முன்னரே இருக்கும் ஒரு நடை, சொற்கள் அதில் வந்து அமர்பவை, எந்தச் சொல் அமர வேண்டும் என்பதில் பொருளோடு ஓசைக்கும் பங்கு உண்டு.

ஆத்தங்குடிக் கல்லும் மெட்டும்

காரைக்குடிக்குப் பக்கத்து ஆத்தங்குடியில், தரையில் பதிக்கும் பூக்கல் செய்வதை ஒருமுறையாவது பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். கண்ணாடித் துண்டின்மேல் இரும்புச் சட்டத்தை வைத்து, அதற்குள் பூ வடிவத்தில் அறை அறையாகப் பிரித்த உலோக அச்சை இறக்குவார்கள். ஒவ்வோர் அறையிலும் அதற்குரிய வண்ணச் சிமெண்டுக் குழம்பைக் கரண்டியால் ஊற்றுவார்கள். பிறகு அச்சை மெல்லத் தூக்கிவிட்டு, உலர்ந்த மணலையும் சிமெண்டையும் தூவி, அதன்மேல் கலவையை நிரப்பி அழுத்தி, இறுகிய பின் தண்ணீர்த் தொட்டியில் ஊறவைப்பார்கள். கண்ணாடியைத் தொட்டுக்கொண்டிருந்த பக்கமே கல்லின் பளபளப்பான முகமாகிறது. கல் தரையில் பதிக்கப்பட்டபோது அச்சு அதில் இல்லை. ஆனாலும் சிவப்பு எங்கே முடிந்து பச்சை எங்கே தொடங்க வேண்டும் என்பதைத் தீர்மானித்தது அந்த அச்சுத்தான்.

திரைப்பாட்டில் மெட்டு அந்த அச்சைப் போன்றது. வழக்கமாக நடப்பது இதுதான்: இயக்குநர் முதலில் படத்தில் பாட்டு வரும் இடத்தைச் சொல்வார், யார் பாடுகிறார், எந்த மனநிலையில் பாடுகிறார், பாட்டு முடிந்ததும் கதை எங்கே போகிறது என்பதை விவரிப்பார். திரைத்துறையில் இதைச் சிச்சுவேஷன் என்பார்கள். இக்கட்டுரையில் சூழல் என்று குறிப்பிடுகிறேன். இசையமைப்பாளர் ஆர்மோனியத்தை வைத்துக்கொண்டு சூழலுக்கு ஏற்ற மெட்டை உருவாக்குவார். அந்த மெட்டைக் கவிஞருக்குச் சொல்லில்லாமல் “தான தனன தந்தானா” என்று பாடிக் காட்டுவார். பொருளில்லாத இந்த ஓசைக்கோவைக்குத் தத்தகாரம் என்று பெயர். தத்தகாரத்தில் குறிலும் நெடிலும் ஒற்றும் மாறி மாறி வரும் ஒழுங்கே சந்தம். கவிஞர் சந்தத்தின் அறைகளில் சொற்களை ஊற்றுகிறார். இதுவே மெட்டுக்குப் பாட்டு.

இதற்கு நேர்மாறான முறையும் உண்டு. கவிஞர் முதலில் எழுதிவிட, இசையமைப்பாளர் அதற்கு மெட்டுப் போடுவார். அதைப் பாட்டுக்கு மெட்டு என்பார்கள். இரண்டும் தமிழ்த் திரையில் தொடக்கத்திலிருந்தே அருகருகே வழங்கி வந்திருக்கின்றன.

மெட்டுக்குப் பாட்டெழுதுவது கவிதைக்கு இழுக்கு என்ற எண்ணம் படித்தவர்களிடமும் இருப்பது எனக்கு வருத்தமளிக்கிறது. அருணகிரிநாதரின் திருப்புகழ்ப் பதிப்புகளைப் புரட்டிப் பாருங்கள். “முத்தைத்தரு பத்தித் திருநகை” என்ற பாட்டின் தலைமேல் “தத்தத்தன தத்தத் தனதன” என்று சந்தம் அச்சிடப்பட்டிருக்கும். நம் குன்றக்குடி முருகனும் அந்தச் சந்தத் தமிழில் பாடப்பட்டவனே. பாரதியும் தம் தேசியப் பாட்டுகளில் ஒன்றைக் கோபாலகிருஷ்ண பாரதியின் நந்தனார் சரித்திரத்தில் வரும் ஒரு பாட்டின் வர்ணமெட்டில் எழுதி, அதைத் தலைப்பின்கீழ் வெளிப்படையாகக் குறித்திருக்கிறார். ஏற்கெனவே ஊரெல்லாம் தெரிந்த மெட்டில் எழுதினால் பாட்டு மறுநாளே மக்கள் வாயில் ஏறிவிடும் என்பதை அறிந்து செய்த செயல் அது.

ஒரு வரியை நாமே எழுதிப் பார்த்தால்

விளக்கத்தைக் கேட்பதைவிட ஒருமுறை செய்து பார்ப்பது தெளிவு தரும். “தனன தான தனன தான” என்பது நமக்குக் கிடைத்த தத்தகாரம் என்று வைத்துக்கொள்வோம். பிள்ளைகள் வெளியூர் போய்விட்ட ஒரு பெரிய வீட்டின் நினைவு நமக்குக் கொடுக்கப்பட்ட சூழல். நான் இப்படி நிரப்பிப் பார்த்தேன்:

பழைய வீடு நிலவு மாடி
பழகி வாழ உறவு கோடி

‘பழைய’ என்பது தனன. ‘வீடு’ என்பது தான. ‘நிலவு’ மறுபடியும் தனன. ‘மாடி’ மறுபடியும் தான. இலக்கணத்தில் குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு. மாத்திரை என்பது கண் இமைக்கும் நேரம் அல்லது விரல் நொடிக்கும் நேரம் என்று தொல்காப்பியமே அளவு சொல்கிறது. ‘தா’ வருகிற இடத்தில் மெட்டு சற்று நின்று இழைகிறது; ஆகவே அங்கே ‘வீ’, ‘மா’, ‘வா’, ‘கோ’ என்று நெடில் வந்து நிற்கிறது.

இப்போது ‘வீடு’ என்பதை எடுத்துவிட்டு ‘இல்லம்’ என்று போடுங்கள். பொருள் மாறவில்லை, சொல்லும் அழகானதே. ஆனால் ‘தா’வின் இடத்தில் ‘இல்’ வந்து உட்காரும்போது பாடகரால் அதை இழுக்க முடியாது. இழுத்தால் ‘ஈல்லம்’ என்றாகித் தமிழ் கெட்டுவிடும். இழுக்காவிட்டால் மெட்டு நொண்டும். எனவே கவிஞர் ‘இல்லம்’ என்ற சொல்லைக் கைவிட்டாக வேண்டும். இரண்டாம் அடியில் ‘பழகி’ வந்ததற்கும் ஒரு காரணம் உண்டு. முதலடியின் ‘பழைய’வுக்கு அது எதுகையாகவும் மோனையாகவும் பொருந்துகிறது. ‘கோடி’ என்ற எண்ணிக்கை உறவினர்களைக் கணக்கெடுத்து வந்ததன்று. ‘மாடி’க்கு இயைந்து வந்தது. ஐம்பது வருஷம் கழித்து ஒருவர், “இவருக்கு இருந்த சொந்தபந்தம் அவ்வளவு, அதனால்தான் கோடி என்று எழுதினார்” என்று முகப்பில் சொன்னால் அந்தக் கதை எவ்வளவு சரியோ, பல பாட்டுக் கதைகளும் அவ்வளவே சரி.

ஒரு முழுப்பாட்டுக்கு இப்படி எத்தனையோ அறைகள். பல்லவி என்பது திரும்பத் திரும்ப வரும் தொடக்க வரிகள். சரணம் என்பது இடையிசைக்குப் பின் பொருளை வளர்க்கும் பகுதி. அக்காலத்து 78 சுற்று இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் மூன்று நிமிடத்துக்குச் சற்று அதிகமான பாட்டு மட்டுமே அடங்கும் என்பதால், பாட்டின் நீளத்தையும் சரணங்களின் எண்ணிக்கையையும் அந்தத் தட்டே பெரிதும் கட்டுப்படுத்தியது.

சுருக்கமாக நினைவில் வைக்க வேண்டியவை: சூழல் பொருளைத் தருகிறது, மெட்டு இடத்தைத் தருகிறது, சந்தம் அந்த இடத்தின் அளவு. கவிஞரின் சொந்த வாழ்க்கை பாட்டுக்குள் வர வேண்டுமானால் இந்த மூன்றின் வழியாகத்தான் வந்தாக வேண்டும்.

காரைக்குடியில் படமான சுதந்திரம்

பாட்டு முதலில் வந்து மெட்டு பின்னால் வந்ததற்கு நம் ஊரிலேயே ஒரு பெரிய எடுத்துக்காட்டு இருக்கிறது. காரைக்குடியில் பிறந்த ஏவி. மெய்யப்பன், கோடம்பாக்கத்துக்குப் போவதற்கு முன் தம் ஸ்டூடியோவைத் தேவகோட்டை ரஸ்தாவில் நடத்திவந்தார். அங்கே உருவாகி 1947-ஆம் ஆண்டு பொங்கலையொட்டி வெளிவந்த படம் ‘நாம் இருவர்’. பாரதி பாடல்களின் உரிமை அப்போது மெய்யப்பனிடம் இருந்ததால், அவற்றை அப்படத்தில் தாராளமாகப் பயன்படுத்தினார். ஆர். சுதர்சனம் இசையில் டி.கே. பட்டம்மாள் பாட, குமாரி கமலா ஆடிய “ஆடுவோமே பள்ளுப் பாடுவோமே” தமிழ்நாடெங்கும் ஒலித்தது.

ஆனந்த சுதந்திரம் அடைந்துவிட்டோம் என்று கொண்டாடும் அந்தப் பாட்டை இன்றைக்குக் கேட்கும் இளைஞர் ஒருவர், அது சுதந்திரம் கிடைத்த மகிழ்ச்சியில் எழுதப்பட்டது என்று நினைத்தால் அவரைக் குறைசொல்ல முடியாது. ஆண்டுகளை வரிசையாக வைத்துப் பாருங்கள். பாரதி மறைந்தது 1921 செப்டம்பரில். படம் வந்தது 1947 ஜனவரியில். சுதந்திரம் வந்தது அதே ஆண்டு ஆகஸ்டில். ஆக, எழுதியவர் மறைந்து கால் நூற்றாண்டு கழித்துத்தான் படத்தில் நாம் கேட்கும் மெட்டு அதற்கு வாய்த்தது. அந்த மெட்டோடு ஊர் ஊராகப் பாட்டு ஒலித்துக்கொண்டிருந்தபோதும் சுதந்திரம் இன்னும் சில மாதத் தொலைவில் இருந்தது. நடக்காத ஒன்றை நடந்துவிட்டதாகவே பாடி வைத்த அந்தத் துணிவுதான் இந்தப் பாட்டின் உண்மையான கதை. அந்தத் துணிவுக்குக் காரைக்குடிப் பொட்டலில் போட்ட அரங்குக்குள் ஓசையும் உருவமும் கிடைத்தன என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் நெகிழ்கிறது.

பட்டினத்தாரிடமிருந்து வந்த வழி

பாட்டின் மூலம் சில நேரம் ஒரு நிகழ்ச்சியாக இல்லாமல் ஒரு பழம்பாட்டாக இருக்கும். 1962-இல் வந்த ‘பாத காணிக்கை’ படத்தின் “வீடு வரை உறவு” பாட்டைப் பற்றி எத்தனையோ துயரக் கதைகள் சொல்லப்படுகின்றன. இசை விஸ்வநாதன்–ராமமூர்த்தி, சொல் கண்ணதாசன். இந்தப் பாட்டின் ஊற்றைக் காணப் பட்டினத்தார் பாடலைத் திறந்தால் போதும். செல்வமும் வாழ்வும் “அகத்து மட்டே” என்றும், மனைவி “வீதி மட்டே” என்றும், மைந்தர் “சுடுகாடு மட்டே” என்றும், கடைசிவரை தொடர்வது இருவினையாகிய புண்ணிய பாவமே என்றும் அவர் பாடியிருக்கிறார். பூம்புகார் வணிகர் குலத்தவரான பட்டினத்தாரை, நகரத்தார் என்னும் நாட்டுக்கோட்டைச் செட்டியார் வீடுகளில் நெருங்கிய உறவினர்போலப் போற்றுவது உண்டு. சாவு வீட்டில் அவர் பாடல்களைப் படிக்கக் கேட்டு வளர்ந்தவர்கள் இந்தப் பக்கத்தில் பலர்.

கண்ணதாசன் செய்தது என்ன? ‘மட்டே’ என்ற சொல்லை எடுத்துவிட்டு ‘வரை’ என்ற பேச்சுவழக்குச் சொல்லை வைத்தார். வீடு, வீதி, காடு என்று ஒவ்வொரு நிலைக்கும் முதலெழுத்து நெடிலாக அமைந்த ஈரெழுத்துச் சொல்லைத் தேர்ந்தார். ‘வீடு வரை’, ‘வீதி வரை’, ‘காடு வரை’ ஆகிய மூன்றும் ஒரே அளவில் ‘தான தனை’ என்று நடக்கின்றன. பாடை தூக்கிப் போகிறவர்களின் காலடி அதில் கேட்கிறது. புண்ணிய பாவம் தொடரும் என்ற விடையை மட்டும் அவர் எடுத்துக்கொள்ளவில்லை. அந்த இடத்தில் ‘யாரோ’ என்று ஒரு கேள்வியை வைத்துவிட்டார். பழம்பாட்டில் அறிவுரையாக இருந்தது இங்கே ஆளில்லாத தவிப்பாக மாறியது அந்த ஒரு சொல்லால்தான். கவிஞருடைய மேதைமை எங்கே இருக்கிறது என்று என்னைக் கேட்டால், இந்த இடத்தைத்தான் தொட்டுக் காட்டுவேன்.

“யாரை நினைத்து எழுதினார்?”

இப்போது முகப்பில் கேட்ட அந்தக் கேள்விக்கு வரலாம். மிகப் பரவலாகச் சொல்லப்படும் கதை, ‘பட்டணத்தில் பூதம்’ படத்தில் வரும் “சிவகாமி மகனிடம் சேதி சொல்லடி” பற்றியது. காமராஜரின் தாயார் பெயர் சிவகாமி அம்மாள். ஆகவே அது தலைவருக்கு விடுத்த தூது என்பார்கள். படம் 1967-இல் வந்தது, இசை ஆர். கோவர்த்தனம். சூழல் காதல் சூழல். சிவகாமி என்பது உமையம்மையின் பெயர். அவள் மகன் முருகன். அடுத்த வரிகளில் வேலனும் தோகையும் வருவதால், முருகனைக் காதலனாக வைத்துப் பாடும் பழைய மரபில் பாட்டு முழுமையாக நிற்கிறது. குன்றக்குடிக்குக் காவடி எடுத்துப் போகும் ஒருவர் தலைவர் பெயரையே கேட்டிராவிட்டாலும் இந்தப் பாட்டில் அவருக்கு ஒரு குறையும் தெரியாது.

அதனால் காமராஜர் கதை பொய்யாகிவிடுமா? ஆகாது. ‘பார்வதி மகனிடம்’ என்றோ ‘மீனாட்சி மகனிடம்’ என்றோ போட்டிருக்கலாமே, அம்மையின் எத்தனையோ பெயர்களில் ‘சிவகாமி’ ஏன் வந்தது என்பது நியாயமான கேள்வி. ஓர் அறைக்கு ஓசையில் பொருந்தும் சொற்கள் ஒன்றுக்கு மேல் இருக்கும்போதுதான் கவிஞரின் சொந்த மனம் உள்ளே நுழைய இடம் கிடைக்கிறது. சூழலும் சந்தமும் சேர்ந்து ஒரே ஒரு சொல்லைத்தான் அனுமதிக்கின்றன என்றால் அங்கே வாழ்க்கைக் கதையைத் தேடிப் பயனில்லை. சொல்லை மாற்ற வழி இருந்தும் மாற்றாமல் விட்ட இடத்தில் தேடலாம்.

எந்தக் கதையைக் கேட்டாலும் நான் முதலில் படம் வந்த ஆண்டைப் பார்க்கிறேன். பிறகு பாட்டின் சூழலைப் பார்க்கிறேன். கதையில் சொல்லப்படும் நிகழ்ச்சி படத்துக்குப் பின்னால் நடந்திருந்தால் அங்கேயே நின்றுவிடலாம். 1949-இல் ‘கன்னியின் காதலி’ படத்துக்காகக் கண்ணதாசன் எழுதிய முதல் திரைப்பாட்டு “கலங்காதிரு மனமே” என்று தொடங்குவதை, பின்னால் அவர் அடைந்த புகழுக்கான முன்னறிவிப்பாகச் சொல்வார்கள். புகழ் வந்த பிறகு திரும்பிப் பார்த்துக் கோத்த மாலை அது. எழுதிய அன்று அவர் ஒரு பாத்திரத்தின் மனத்துக்கு ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்தார்.

அவருடைய கடைசித் திரைப்பாட்டாக அறியப்படும் “கண்ணே கலைமானே” விஷயத்திலும் இதுவே நடக்கிறது. 1981 அக்டோபர் 17 அன்று அவர் சிகாகோவில் காலமானார்; ‘மூன்றாம் பிறை’ 1982-இல் வெளிவந்தது. திரையரங்கில் முதல்முறை கேட்டவர்களுக்கே அவர் இல்லை என்பது தெரிந்திருந்ததால், அந்தப் பாட்டு விடைபெறுதலாகக் கேட்டதில் வியப்பில்லை. இளையராஜா அமைத்த மெட்டின் சூழலோ வேறு: நினைவு தவறிக் குழந்தையாகிவிட்ட ஒரு பெண்ணை ஒருவன் தூங்க வைக்கிறான். தொட்டில் ஆடும் அதே நடை. ‘கண்ணே’ என்ற விளிக்கு ‘கலைமானே’ என்று மோனை. மாமனுக்கு மல்லிகையை எடுத்துக் கொடுத்த அந்தப் பழைய தாலாட்டின் கை, சிறுகூடல்பட்டிக்காரர் எழுதிய அந்த வரியிலும் இருக்கிறது. அதை உரக்கப் படிக்காமல், தொட்டில் கயிற்றைப் பிடித்தபடி மெல்லப் பாடிப் பாருங்கள். ‘மானே’யின் இழுப்பு எங்கே விழுகிறது என்பது கைக்கே தெரியும்.